வாடகைக்கு ஒரு நித்திரை

போன வியாழக்கிழமை, கொழும்பில், முன்பின் தெரியாத ஓர் அம்மாவின் கட்டிலில் என் மனைவி நித்திரையாகிப் போனாள்.

வீடு பார்க்கப் போன இடம் அது. வாடகை எவ்வளவு என்றுகூட இன்னும் கேட்கவில்லை. பின்னேரம் மூன்று மணி. ஒரு பக்கம் வீட்டுக்காரம்மா, மறுபக்கம் தரகர், நடுவில் கையில் குடையோடு நான். கட்டிலில் வத்சலா — செருப்பைக்கூடக் கழற்றாமல், வாயை லேசாகத் திறந்தபடி…

இப்படியொரு நிலைமையில் ஒரு கணவன் என்ன செய்ய வேண்டும்? யாராவது அனுபவப்பட்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு வத்சலாவைத் தெரியும். திருகோணமலையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். சண்டைக் காலமாகையால் துறைமுகத்துக்குக் கப்பல் வருவது குறைவு. கந்தோரில் பாதி மேசைகள் காலி. அடுத்தது யாருடைய மேசை என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது.

பெரிய பதவி. இப்போது எடுப்பதைப்போல மூன்று மடங்கு சம்பளம். ஆனால் வெள்ளிக்கிழமை அந்தக் கந்தோர்ப் பெரியவரை நேரில் சந்திக்க வேண்டும். அவர் ஒரு முழுக் கப்பலின் கணக்கையும் தூக்கி முன்னால் வைத்துச் சரிபார்க்கச் சொல்வாராம். அதில் தேறினால் வேலை. தேறாவிட்டால், இங்கே இருக்கிற மேசைக்கும் உத்தரவாதம் இல்லை.

எனக்கென்ன? ட்யூஷன் எங்கேயும் கொடுக்கலாம். பத்தி எங்கிருந்தும் எழுதலாம்.

கொழும்பில் ஒரு வீடு என்பது எங்களுக்குப் பழைய விளையாட்டு. பின்னேரங்களில் கடற்கரைக்குப் போவோம். காலை நீட்டி மணலில் இருந்ததும் வத்சலா கட்டத் தொடங்கிவிடுவாள். காற்று மெல்ல வரும். அலை வந்து போகும். ஒவ்வொரு கிழமையும் ஓர் அறை கூடும், ஒரு ஜன்னல் இடம் மாறும்.

"குசினி பெரிசா இருக்கோணும். உள்ளுக்க ஒரு கதிரையும் போடோணும்."

"குசினிக்குள்ள கதிரை ஏனப்பா?"

"நீங்கள் இருந்து வெங்காயம் உரிக்கத்தான்."

நானும் சும்மா இருக்க மாட்டேன். மொட்டைமாடி ஒன்று கேட்பேன். அதை அவள் போனால் போகிறதென்று தருவாள். வீதியில் இராணுவச் சென்ரியை மூடுகிற நேரம் நெருங்கும்வரை அந்த வீட்டுக்குள்தான் நடமாடிக்கொண்டிருப்போம். பிறகு மணலைத் தட்டிவிட்டு எங்கள் சின்ன வாடகை வீட்டுக்குத் திரும்புவோம். அதுவும் சுகமாகத்தான் இருந்தது.

அந்த வீட்டைத் தேடித்தான் போன திங்கட்கிழமை கொழும்புக்கு பஸ் ஏறினோம். வழியெல்லாம் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து, மூடி, மறுபடி ஏறி… ஒருவழியாக வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ். முதல் வேலையாக, வெளியூர்த் தமிழர் எல்லோரையும்போல, பொலிஸில் பதிவு. இரண்டாவது வேலையாகத் தரகர் குணம் அண்ணை.

குணம் அண்ணைக்கு அறுபது வயது இருக்கும். யாழ்ப்பாணத்தவர். கொழும்பில் எந்த வீட்டுக்கு எந்தப் பக்கம் ஒழுகும் என்பதுகூட அவருக்குத் தெரியும். ஆனால் எங்களுக்குச் சொல்ல மாட்டார்.

"சம்பளம் எவ்வளவு தங்கச்சி?" என்று கேட்டார். வத்சலா பெருமையாகச் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார்.

"பரவாயில்லை. சமாளிக்கலாம்."

திருகோணமலையில் அந்தத் தொகையைக் கேட்டவர்கள் வாயில் கை வைத்தார்கள். இங்கே அதே தொகை "சமாளிக்கலாம்" ஆகிவிட்டது. ஏன் என்று முதல் வீட்டிலேயே விளங்கியது. பெரிய வீடொன்றோடு ஒட்டிய இரண்டு அறை அனெக்ஸ். அவளுடைய புதுச் சம்பளத்தில் பாதிக்கு மேல் வாடகை. ஒரு வருடத்து வாடகை முன்பணம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. மீன் பொரிக்கக் கூடாது. திருகோணமலைக்காரரிடம் மீன் பொரிக்கக் கூடாது என்றால் எப்படி?

கொழும்பில் சம்பளம் என்பது வீட்டுக்காரருடைய காசு. எங்கள் கையில் இரண்டு நாள் தங்கி இளைப்பாறிவிட்டுப் போகும், அவ்வளவுதான்.

அடுத்த வீட்டில் காசைப் பற்றிய கதையே வரவில்லை.

"எவடம்?" என்றார் வீட்டுக்காரர்.

"திருகோணமலை."

கதவைத் திறக்க எடுத்த திறப்புக் கோர்வை திரும்ப அவர் பையில் போய்விட்டது. "ஆக்கள் கனபேர் வந்து போவினமோ? எனக்குப் பொலிஸ் கரைச்சல் ஏலாது, தம்பி. குறை நினைக்காதேங்கோ."

அவரும் தமிழர்தான். குறை நினைக்கவில்லை. பயம் யாரைத்தான் விட்டது?

இப்படியே பம்பலப்பிட்டி, தெஹிவளை என்று அலைந்தோம். ஆனால் வீட்டைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று முளைத்திருந்தது. வத்சலாவுக்கு நித்திரை இல்லை.

நான் எங்கே தலையைச் சாய்த்தாலும் உறங்குகிற ரகம். காலையில் எழுந்து பார்த்தால் அவள் சுவரில் சாய்ந்தபடி இருப்பாள். செவ்வாயும் அப்படி. புதனும் அப்படி.

"மூட்டைப்பூச்சியோ?"

"இல்லை."

"ஃபான் சத்தமோ?"

"இல்லையப்பா. ஒண்டுமில்லை. கண்ணை மூடினா நெஞ்சு அடிக்குது. ஏனெண்டு தெரியேல்லை."

நித்திரை இல்லாத கண்ணுக்கு நகரம் வேறு மாதிரித் தெரியுமாம். காலி வீதியில் பஸ்கள் தண்ணீருக்குள் போவதுபோலப் போகின்றன என்றாள். கடைப் பலகைகளின் எழுத்துகள் மெல்ல மிதக்கின்றன என்றாள். பின்னேரம் வெள்ளவத்தைக் கடலோரம் ரெயில் பாதைக்கு அருகில் நின்று, சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்த்து, "விடியுதோ?" என்று கேட்டாள். எங்கள் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து ஏறுவதுதான் வழக்கம். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

வியாழன் காலை சிரிப்பெல்லாம் போய்விட்டது. வீதியில் மறித்தார்கள். எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டார் பொலிஸ்காரர். வத்சலா வாயைத் திறந்தாள்… லொட்ஜின் பெயர் வரவில்லை. கப்பல் கப்பலாகக் கொள்கலன் இலக்கங்களை மனப்பாடமாக ஒப்புவிக்கிறவளுக்கு நான்கு எழுத்துப் பெயர் வரவில்லை. அவர் அடையாள அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டு பெயரைச் சொன்னேன், பதிவுத் துண்டைக் காட்டினேன். விட்டுவிட்டார்கள்.

மூலை திரும்பியதும் அவள் நின்றாள்.

"திரும்பிப் போவம். நாளைக்கு அந்த மனுசனுக்கு முன்னால இருந்து நான் என்னத்தைக் கூட்டுறது? ரெண்டும் ரெண்டும் எவ்வளவெண்டு கேட்டாலும் எனக்கு இப்ப தெரியாது."

இத்தனை வருடம் கட்டிய வீடு, மொட்டைமாடியோடு சேர்த்து, கண் முன்னாலேயே கரைந்துகொண்டிருந்தது.

கூட வந்த குணம் அண்ணை தன் குடையால் நிலத்தைத் தட்டினார். "ஒரு இடம் இருக்கு. கொட்டாஞ்சேனை. உங்களுக்குச் சரிவராது. ஆனால் வாடகை பாதி. பாத்திட்டுப் போங்கோ."

சரிவராது என்று தரகரே சொல்லிக் காட்டிய வீடு வேறு எங்காவது உண்டா?

கொட்டாஞ்சேனை, கொழும்புத் துறைமுகத்துக்குப் பக்கம். லொறிகளின் இரைச்சல், கருவாட்டு வாசம், கோயில் மணி. மரப்படி ஏறி மேல்மாடிக்குப் போனோம். இரண்டு அறை, சின்னக் குசினி. ஜன்னல் கண்ணாடிகளில் குறுக்கும் மறுக்கும் டேப் ஒட்டியிருந்தது. வீட்டுக்காரம்மாவின் பெயர் ரீட்டா. கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர். "இருங்க, இருங்க" என்று உபசரித்தார். இருக்கக் கதிரை ஒன்றும் இல்லாததால் வத்சலா கட்டில் நுனியில் இருந்தாள்.

அப்போதுதான் கேட்டது.

டும்.

தூரத்தில், தண்ணீருக்கு அடியில். ஜன்னல் கண்ணாடி மெல்லச் சிலுசிலுத்தது. ரீட்டா அன்ரியின் முகம் வாடிவிட்டது.

"ஐயோ, பயந்துட்டீங்களா? ஹாபர்ல தண்ணிக்குள்ள குண்டு போடுறாங்க. ராவெல்லாம் இருக்கும். சில நாள் பகல்லயும் போடுவாங்க. நான் ஒளிக்க மாட்டேன், முன்னாலயே சொல்லிடுறேன். இந்தச் சத்தத்தாலதான் ஒருத்தரும் ரெண்டு மாசத்துக்கு மேல நிக்கிறதில்ல. அதனாலதான் வாடகையும் கொறச்சல்."

டும்.

நான் வத்சலாவைத் திரும்பிப் பார்த்தேன். உயர்ந்திருந்த அவளுடைய தோள்கள் மெல்ல இறங்கின. மூன்றாவது சத்தம் கேட்டபோது அவள் தலையணையில் சாய்ந்திருந்தாள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது.

திருகோணமலையில் எங்கள் வீடு உட்துறைமுகத்துக்குப் பக்கத்து வீதியில். தண்ணீருக்குள்ளால் யாரும் நீந்தி வந்துவிடக் கூடாதென்று கடற்படைப் படகுகள் சுற்றிச் சுற்றி வந்து குண்டு போடும். இரவு முழுக்க. அலுமாரிக்குள் கோப்பைகள் கிணுகிணுக்கும். கலியாணமாகி அந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஒவ்வொன்றுக்கும் துள்ளி எழும்பினோம். பிறகு பழகியது. பிறகு அதுவே வேண்டியதாகிவிட்டது. சத்தம் கேட்டால் படகு சுற்றுகிறது, எல்லாம் வழமைபோல என்று அர்த்தம். ஒருமுறை நடுவில் நின்றுவிட்டது. அன்றைக்குத்தான் எங்கள் ஒழுங்கைச் சனம் ஒருவரும் படுக்கவில்லை. வாசலில் நின்று, ஏன் நின்றது, ஏன் நின்றது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே விடிந்தது.

வெள்ளவத்தையில் அந்தச் சத்தம் இல்லை. எத்தனை காசு கொடுத்தும் எல்லோரும் தேடிப் போகிற அமைதி அங்கே இருக்கிறது. அந்த அமைதியில்தான் அவள், ஏன் நின்றது என்று தெரியாமலே, மூன்று இரவும் காது கொடுத்துக் காவல் இருந்திருக்கிறாள்.

எனக்கு அழுகை வந்தது. உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்? குண்டு வெடித்தால்தான் ஒரு பெண்ணுக்கு நித்திரை வருகிறது… இந்தச் சண்டை எங்களை என்ன செய்து வைத்திருக்கிறது!

எழுப்பப் போனேன். ரீட்டா அன்ரி கையைக் காட்டி மறித்தார். "வேணாம். புள்ள தூங்கட்டும்."

ஃபானைப் போட்டுவிட்டார். செருப்பை அவரே மெல்லக் கழற்றிக் கீழே வைத்தார். நாங்கள் மூவரும் வெளியே வந்து மரப்படியில் வரிசையாக இருந்தோம். குடிக்கப் பிளேன்ரீ வந்தது. அந்தப் படியில் வைத்துத்தான் வாடகைக் கதை நடந்தது — முழுக்க முழுக்கக் குசுகுசுப்பில். வாழ்நாள் முழுக்கச் சத்தம் போட்டே பேரம் பேசிய குணம் அண்ணைக்குக் குசுகுசுக்கத் தெரியவில்லை, பாவம். விரல்களை மடக்கி மடக்கிக் காட்டினார். அன்ரி தலையை ஆட்டினார். உள்ளே ஃபான் சுழன்றது. வெயில் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. இடைக்கிடை ஒரு டும். வாழ்க்கையில் இவ்வளவு இதமாக நான் எதற்கும் பேரம் பேசியதில்லை.

பொழுது படும் நேரம் வத்சலா கண் விழித்தாள். கன்னத்தில் தலையணைத் தையல் பதிந்திருந்தது.

"எங்கப்பா நிக்கிறம்?"

"கொட்டாஞ்சேனையில. நீர் நல்லா நித்திரை கொண்டிட்டீர்."

"நாளைக்கு வெள்ளிதானே? போவம். முகம் கழுவோணும்."

வெள்ளிக்கிழமை பெரியவர் முன்னால் இருந்து முழுக் கப்பலையும் சரிபார்த்தாள். வேலை கிடைத்தது. வெளியே வந்தவள் வீதியென்றும் பாராமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

செய்தி எப்படியோ எங்களுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்திருக்கிறது. "கொட்டாஞ்சேனையோ? இவ்வளவு சம்பளத்துக்கு வெள்ளவத்தையில எடுக்கேலாதோ?" என்று தினம் ஒருவராவது கேட்கிறார். ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைப் பார்த்து இடம் பிடிக்கிறார்கள். சிலர் பள்ளிக்கூடத்தை, சிலர் கோயிலை, சிலர் மாமியார் வீடு எவ்வளவு தூரம் என்பதை. காதைக் கேட்டு வீடு எடுத்தோம் என்றால் யார் நம்புவார்கள்? காற்று நல்லது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஊருக்குத் திரும்ப முன், சனிக்கிழமை முடிவாகப் பேச மறுபடி போனோம். ரீட்டா அன்ரி திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினார்.

"ஒரு கண்டிஷன் இருக்கு. பிறகு சண்டைக்கு வரக் கூடாது. யுத்தம் முடிஞ்சு இந்தச் சத்தம் நின்னுச்சின்னா நான் வாடகைய கூட்டுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

குணம் அண்ணை உஷாரானார். "எவ்வளவு கூட்டுவீங்கள்?" பிறகு வத்சலா பக்கம் திரும்பினார். "அதை இப்பவே பேசி முடிச்சாத்தான் நல்லது, தங்கச்சி."

அரைக் கிலோ வெங்காயத்துக்குப் பத்து நிமிடம் மல்லுக்கட்டுகிறவள் வத்சலா. எட்டித் திறப்பை வாங்கிக்கொண்டாள்.

"அதைக் கேட்க வேண்டாம், அண்ணை," என்றாள். "எவ்வளவெண்டாலும் குடுப்பம்."