மயங்கினால் சோடா கிடையாது

“நல்லா எறங்கி அமுக்குங்க. மாமியாருக்குக் காலா அமுக்கி வுடறீங்க?” ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸுக்குக் காத்திருந்து சோடா கேட்டவரைக் களிமண் மூட்டை முன் மண்டியிட வைத்துவிட்டு, உமர் பாரூக் பாய் பன்னீர் சோடாவை எடுக்கிறார். மூட்டைக்குக் கோடு போட்ட பழைய சட்டை மாட்டியிருக்கிறது. அதன் பெயர் மாப்பிள்ளை. பின்தெரு பொம்மைச் சூளையில் வாங்கிய ஈரமண். ஒழுங்காக அழுத்தினால் பள்ளம் விழும், ஏமாற்றினால் விழாது.

இதயம் நின்றவரின் நெஞ்சை அமுக்கிப் பிழைக்கவைக்கும் இந்த முதலுதவி, சவூதி கம்பெனியில் கட்டாயப் பயிற்சியாகக் கற்றதாம். ஊர் திரும்பி பஸ் நிலைய வாசலில் கோலி சோடா கடை போட்டவர், கூடவே ஒரு சட்டமும் போட்டார்: மயங்கி விழுந்தவருக்குச் சோடா கிடையாது. நம் ஊரில் இது நடக்கிற காரியமா? யார் விழுந்தாலும் நாலு பேர் “சோடா, சோடா” என்றுதானே கத்துவோம்! “நெனவில்லாதவங்க வாயில ஊத்துனா மூச்சுக்கொழாய்க்குப் போயிடுங்க” என்பார் பாய். சொந்த வியாபாரத்தை இப்படிக் கெடுத்துக்கொள்ளும் மனிதரை நான் கண்டதில்லை.

பஸ்களை நேரம் பார்த்து அனுப்பும் அகஸ்டினுக்கு இதெல்லாம் ஒரே சிரிப்பு. “மாப்ளைக்கு உசுரு வந்துச்சா பாய்?” என்று தினமும் கேட்பார். போன மாதம் ஒருநாள் காலை, விசிலை வாயில் வைத்தபடியே சரிந்தார். சாப்பாடு கொண்டுவந்திருந்த மனைவி ஜெசி கடைக்கு ஓடிவந்தார்.

“பாய், சோடா!”

“சோடா வேணாம்மா. மூச்சு வுடறாரா?”

“கொறட்ட மாதிரி இழுக்குது. பாவி மனுசா, ஒரு சோடா குடுங்களேன்!”

“அது மூச்சில்லம்மா, நெஞ்சு நின்னுபோச்சு!” பாய் பலகையைத் தாண்டிக் குதித்து ஓடினார். “ராஜ்மோகா, நூத்தியெட்டுக்குப் போடு!” அகஸ்டினின் நடுநெஞ்சில் பாயின் இரு கைகளும் வேகவேகமாக இறங்கின. அவர் களைத்ததும் டிரைவர் ராஜ்மோகன், அப்புறம் பூ விற்கும் பூங்கோதை. எல்லோரும் மாப்பிள்ளையை விளையாட்டாக அமுக்கியவர்கள்தாம். ஜெசி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து நெஞ்சில் கரண்ட் வைத்ததும் நாடி திரும்பியது. அப்பாடா!

நேற்று புருஷனும் பெண்டாட்டியும் கடைக்கு வந்தார்கள். “மாப்ளைக்கு எலும்பில்ல, எனக்கு இருக்குது பாய். வெலாவுல ரெண்டு போச்சு!” என்றார் அகஸ்டின். ஜெசி சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி மண்டியிட்டு, பள்ளம் விழும்வரை மூட்டையை அமுக்கினார். பிறகு மூச்சு வாங்க நிமிர்ந்தார்.

“இப்பவாச்சும் சோடா குடுப்பீங்களா பாய்?”

பாய் கோலியைத் தட்டி, பொங்கி வழிந்த சோடாவை அகஸ்டினிடம் நீட்டினார். அவர் கடைசி மடக்கு குடிக்கும்வரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.