படப்பையில் இறங்கிப்போன நோட்டுப்புத்தகம்

தாம்பரம் ரயில் நிலையத்தில் உட்கார்ந்து மஞ்சள் பைக்குள் கையை விட்டேன். நோட்டுப்புத்தகம் இல்லை. ஒரு மாத்திரைப் பொட்டலம், ஓர் ஆஸ்பத்திரிச் சீட்டு, மடித்த துண்டு. அவ்வளவுதான் இருந்தது. பை என் பை மாதிரியே இருந்தது. ஆனால் என்னுடையது இல்லை.

ஆண்டவருடைய பிள்ளைகளே, இது நடந்தது இந்த 1991-ஆம் வருடம் ஆகஸ்ட் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில். நான் எட்டாவது வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நோட்டில் என்ன இருந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் சாமுவேல் மூன்று வருடத்துக்கு முன் மஞ்சள்காமாலை முற்றிப் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அந்த நாட்களில் நான் ஆண்டவரிடம் கேட்டது, அழுதது, சண்டை போட்டது எல்லாவற்றையும் நாள் நாளாக எழுதி வைத்திருந்தேன். வேறு பிரதி கிடையாது. எங்கள் பென்னலூர் சபைப் போதகர் அதில் நாலு பக்கம் வாசித்துப் பார்த்துவிட்டு, மதுரையில் நடக்கும் கிறிஸ்தவ எழுத்தாளர் மாநாட்டுக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டார். கையெழுத்துப் பிரதி கொண்டுவராதவர்களுக்கு இடமில்லை, முடிக்காத எழுத்தானாலும் பரவாயில்லை என்று கடிதம் வந்தது. என்னுடையது முடியாததுதான். அவர் பிழைத்து எழுந்த பகுதியை எழுத உட்காரும்போதெல்லாம் பேனா நின்றுவிடும். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள் மத்தியானம் அவர் ஷிப்ட் முடிந்து வந்ததும் பெட்டியைத் தாமே கட்டுவதாக உட்கார்ந்தார். கம்பெனியில் அவருக்குப் பேக்கிங் செக்‌ஷன். நான் அடுக்கியதையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டார்.

"இன்னா எஸ்தரு, மூணு நாளைக்கு ஆறு பொடவையா? மாநாட்டுக்குப் போறியா, துணி விக்கப் போறியா?"

"நாலு பேரு பாக்கற மாதிரி போவ வேணாமா?"

"எழுதறவங்க பொடவைய இன்னாத்துக்குப் பாக்கறாங்க? நோட்டத்தான் கேப்பாங்க. அது எங்க?"

பெட்டிக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தேன். அதையும் எடுத்துவிட்டார். "பெட்டிய எவனாவது தூக்கிகினு போனாலும் பொடவையோட போவட்டும். நோட்டு உன் கையிலயே இருக்கணும்" என்று பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஜவுளிக்கடை மஞ்சள் பையில் போட்டார். பிறகு பெட்டிக்குக் குறுக்கும் நெடுக்குமாக நைலான் கயிறு போட்டு இறுக்கி, காலால் ஒரு உதை விட்டுப் பார்த்தார். "கப்பல்ல ஏத்துனாலும் அசையாது."

அவர் குளிக்கப் போனபோது அந்தப் பையின் மேல் கை வைத்து ஜெபித்தேன். "ஆண்டவரே, இதை அச்சில் போடுகிறார்களோ இல்லையோ, ஒரே ஒருத்தர் முழு மனதோடு வாசித்தால் போதும்." அதற்கு மேல் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

மறுநாள் காலை ஸ்ரீபெரும்புதூரில் தாம்பரம் பஸ் ஏறினேன். நிற்கத்தான் இடம். நிற்கிறவர் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுப்பது நம் பஸ்களில் உள்ள வழக்கம்தானே. ஜன்னலோரம் மெலிந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஏற்கெனவே ஒரு மஞ்சள் பை இருந்தது. கை நீட்டி என் பையையும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

மே மாதம் எங்கள் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததை உலகமே அறியும். அதற்குப் பிறகு பஸ்ஸை நிறுத்திப் பையைப் பார்க்காமல் விடுவதில்லை. ஒரகடம் கூட்டு ரோட்டில் போலீஸ்காரர்கள் ஏறினார்கள். மடியில் இருந்த பைகளையெல்லாம் வாங்கி, அமுக்கிப் பார்த்து, ஒன்றன்மேல் ஒன்றாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினார்கள். படப்பையில் அந்தப் பெண் எழுந்தாள். "இந்தாக்கா உம் பையி" என்று ஒன்றை என் கையில் திணித்துவிட்டு நெருக்கியடித்து இறங்கிப் போனாள். நானும் திறந்து பார்க்கவில்லை. உட்கார இடம் கிடைத்ததே என்று ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ரயில் நிலையத்தில்தான் பார்த்தேன். "ஐயோ, இது என் பையில்ல!" என்று கத்திவிட்டேன். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் எழுந்து ஓடினார்கள்.

"யாரு பையின்னே தெரியலயா? கீழ வையிம்மா மொதல்ல! வெச்சிட்டு இந்தாண்ட வா!" என்று ஒருவர் தூணுக்குப் பின்னாலிருந்து சத்தம் போட்டார்.

"மாத்திரைதாங்க இருக்குது!"

"மாத்திரன்னு நீ சொல்ற. அது இன்னான்னு சொல்லுதோ!"

போலீஸ்காரர் ஒருவர் வந்து எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தார். ஆஸ்பத்திரிச் சீட்டை வாசித்தார். கன்னியப்பன், படப்பை, பஜனைக் கோயில் தெரு என்று இருந்தது. "டிபி மாத்திரைம்மா. ஒரு நாள்கூட விடக்கூடாதுன்னு அடிக்கோடு போட்டுக்கீது பாரு" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மதுரை ரயில் மத்தியானம் வரும். நோட்டு இல்லாமல் ஏறினால் மாநாட்டில் இடமில்லை. நோட்டைத் தேடிப் போனால் ரயில் இல்லை. "இதற்காகவா என்னை வீட்டைவிட்டுக் கிளப்பினீர்? மூன்று வருடம் எழுத வைத்துவிட்டு இப்படிப் பிடுங்கிக்கொள்வதா?" என்று அந்தப் பிளாட்பாரத்தில் நின்று மனதுக்குள் கேட்டேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அது ஜெபம் இல்லை, கோபம். ஆனால் யாரோ ஒரு நோயாளியின் மாத்திரை என் கையில் இருந்தது. கயிறு கட்டிய பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு திரும்பவும் பஸ் ஏறினேன்.

பஜனைக் கோயில் தெருவில் ஒரு ஓட்டு வீட்டைக் காட்டினார்கள். வாசலை நெருங்கும்போது உள்ளே யாரோ உரக்க வாசிக்கும் சத்தம் கேட்டது.

"'இன்றைக்கும் கஞ்சி இறங்கவில்லை. ஆண்டவரே, உமக்குக் காது இருந்தால் எனக்குப் பதில் சொல்லும், இல்லாவிட்டால் இனிமேல் என்னைக் கூப்பிடாதேயும்...'"

நான் எழுதியது. என் வார்த்தை. அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டு எழுதியது, முன்பின் பார்த்திராத ஒரு வீட்டுக்குள்ளிருந்து என் காதில் விழுகிறது. பெட்டியைக் கீழே இறக்கத் தோன்றாமல் அப்படியே நின்றேன்.

பஸ்ஸில் பார்த்த பெண் ஓடி வந்தாள். பெயர் கன்னியம்மாள். "வந்துட்டியாக்கா! விலாசம் எதுனா இருக்குதான்னு எம் பொண்ண வுட்டுப் படிக்கச் சொன்னேன். இவுரு நிறுத்த வுடல. மேல படி, மேல படின்னாரு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எட்டு நாளா மாத்திரையத் தொடலக்கா. சாவறவனுக்கு எதுக்கு மருந்துன்னு செவுத்தப் பாத்துக்கினு படுத்துட்டாரு. நானும் சொம்மா வாங்கிக்கினு வந்து வெக்கறேன்" என்றாள்.

உள்ளே கயிற்றுக் கட்டிலில் எலும்பும் தோலுமாக அவள் வீட்டுக்காரர் கன்னியப்பன் எழுந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய பெரிய பெண், கையில் என் நோட்டு. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் எழுதுனதா?"

"ஆமாண்ணே."

"சாமிகிட்ட இப்பிடியெல்லாம் பேசலாமா?"

"பேசிட்டேண்ணே. அவரு ஒண்ணும் கோவிச்சுக்கல."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அதோடு இருமலும் வந்தது. இருமல் நின்றதும் கேட்டார். "பாதியில வுட்டுட்டியே. அந்த ஆளு பொழச்சானா, இல்லியா?"

நான் வாசலில் கிடந்த பெட்டியைக் காட்டினேன். "பொழச்சாருண்ணே. நேத்து அந்தக் கயித்தக் கட்டுனதே அவருதான்."

அவர் அந்தக் கயிற்றையே வெகு நேரம் பார்த்தார். அப்புறம் மனைவி பக்கம் கையை நீட்டி, "தண்ணி குடு" என்றார். மாத்திரையை நான்தான் பிரித்துக் கொடுத்தேன். நான் கேட்ட அந்த ஒருவருக்காக என் நோட்டை எனக்கு முன்னே படப்பையில் இறக்கி, அவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிறகுதான் என்னை வரவழைத்திருக்கிறார் என் ஆண்டவர்! பிளாட்பாரத்தில் நான் அவரைக் கேட்ட கேள்விகளை நினைத்தேன்.

சாயங்காலம் வீடு திரும்பியதும் என் வீட்டுக்காரர் மிரண்டு போய், "இன்னா, அதுக்குள்ள மாநாடு முடிஞ்சி போச்சா?" என்றார். நடந்ததைச் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

மறுநாள் ரயிலில் போனேன். முடிவுப் பகுதியை அந்த ரயிலில்தான் எழுதினேன். பேனா நிற்கவில்லை. ஒரு நாள் தாமதமாகப் போனாலும் மாநாட்டில் சேர்த்துக்கொண்டார்கள். கடைசி நாள் ஒவ்வொருவரும் யாருக்காக எழுதுகிறோம் என்று சொல்லச் சொன்னார்கள். தேசத்துக்காக, சபைக்காக, வாலிபர்களுக்காக என்று படித்தவர்கள் அழகாகச் சொன்னார்கள். என் முறை வந்தபோது, "படப்பையில் ஒரு அண்ணன் இருக்கிறார், அவருக்காக" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

கன்னியப்பன் அண்ணன் முழுச் சுகம் அடைந்துவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். இன்னும் மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு நாளும் விடுவதில்லை. போன வாரம் கடை வரைக்கும் நடந்தாராம். முடிவுப் பகுதியை நானே போய் வாசித்துக் காட்டினேன். இப்போது மாதம் ஒருமுறை எங்கள் பக்கத்தில் படுக்கையில் இருப்பவர்கள் வீட்டுக்கு நோட்டோடு போகிறேன். போக எனக்கு முன்பெல்லாம் கூச்சம். அந்தக் கூச்சம் போய்விட்டது.

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது, கேட்டது கிடைக்காமல் கையில் இருந்ததும் போய்விட்டதா? கோபம் வந்தால் அந்தக் கோபத்தையே ஆண்டவரிடம் சொல்லுங்கள், அவர் தாங்குவார். ஆனால் உங்கள் கைக்கு வந்து சேர்ந்திருக்கிற அடுத்தவர் பையை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். எடுத்துக்கொண்டு அந்த வீட்டைத் தேடிப் போங்கள். உங்களுக்கு முன்பாகவே அவர் அங்கே போய்ச் சேர்ந்திருப்பார்.