எரிந்தால்தான் சுத்தம்

“இந்தக் கை தொட்ட இடத்துல கிருமி குடும்பம் நடத்தாது. எந்த டாக்டர் வேணும்னாலும் சோதிச்சுப் பார்க்கட்டும்.”

கை கழுவும் தின விழாவில் மைக்கைப் பிடித்து இப்படி இந்தியில் முழங்கியவர் வைஜயந்தி. புனேயில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் தலைமை நர்ஸ். புறநகர் சாங்வியில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பியதும் கணவர் சந்தானத்துக்குத் தமிழிலும் ஒருமுறை முழங்கினார். விழாவில் ஒரு கோப்பை கொடுத்திருந்தார்கள். அதன் உச்சியில் இரண்டு பிளாஸ்டிக் கைகள். அவ்வளவு வழவழப்பான கைகளை அந்த வார்டில் எவரும் பார்த்ததில்லை.

நம் வீராங்கனையின் கலையைச் சற்று விளக்க வேண்டும். முதலில் சோப்பு. துடைக்க நேரமேது? ஈரம் சொட்டச் சொட்ட அதன்மேல் சானிடைசர். அதற்கும் மேல் ரப்பர் கையுறை. அடுத்த படுக்கைக்குப் போகுமுன் மறுபடியும் இத்தனையும். சோப்போ சானிடைசரோ, ஒரு நேரத்தில் ஒன்று போதும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். புதிதாகச் சேரும் பெண்களிடம் வைஜயந்தி, “எரியுதா? நல்லது. எரிஞ்சாத்தான் கிருமி சாகுதுன்னு அர்த்தம்” என்பார். எரிவது தோல் என்று சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை. கோப்பை வாங்கியவராயிற்றே.

நர்சுகளின் கைக்குக் களிம்பு தேவை என்பது நிர்வாகத்துக்கு நன்றாகவே தெரியும். தரச்சான்று கொடுக்க ஆய்வாளர்கள் வந்தபோது ஒவ்வொரு வாஷ்பேசின் அருகிலும் களிம்பு பாட்டில் மாட்டியிருந்தது. அவர்களுடைய கார் கேட்டைத் தாண்டியதும் கழற்றி ஸ்டோரில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். கைக்கு இதமாக இருந்த சானிடைசரும் போய், பெயின்ட் கடை நாற்றமடிக்கும் ஒன்று வந்தது. களிம்புக்குப் பதிலாக ஒரு விதி கிடைத்தது: கையில் புண் இருந்தால் உடனே தெரிவிக்க வேண்டும்; ஆறும்வரை சம்பளமில்லாத விடுப்பு. இதை அருளியவர் நிர்வாக அதிகாரி நிர்மல். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் மட்டுமே கை நனைக்கிற மகான். விதி வந்த அன்றே வார்டில் எல்லாருடைய புண்ணும் ஆறிவிட்டது. அறிக்கை அப்படித்தான் சொல்லியது. மருத்துவ உலகம் இந்த அற்புதத்தைக் கவனிக்கத் தவறியது வருந்தத்தக்கது.

வீட்டில் அற்புதம் பலிக்கவில்லை. ரசத்தில் எலுமிச்சம்பழம் பிழியப் போன வைஜயந்தி, பழத்தை அப்படியே போட்டுவிட்டுக் கையை உதறினார்.

“இப்படிக் குடு,” என்று வாங்கிப் பிழிந்தார் சந்தானம். “இனிமே தேங்காய்த் துருவி எதுக்கு வைஜி? உன் கையே போதும்.”

“சும்மா இருங்க. குளிருக்கு வெடிச்சிருக்கு.”

“ஃபேன் அஞ்சுல ஓடுதேம்மா.”

கடைசியில் எரிச்சல்தான் ஜெயித்தது. விழா நாயகி குழாய்க்கு விரல் நுனியைக் காட்டிவிட்டு எடுக்கத் தொடங்கினார். சில நாள் அதுவும் இல்லை. போட்ட கையுறையோடு இரண்டு படுக்கை பார்த்தார். அடுத்தடுத்த படுக்கையிலிருந்த இரண்டு நோயாளிகளுக்குக் காய்ச்சல் கண்டது. கழுத்தில் செருகிய குழாய் வழியாக ரத்தத்தில் கிருமி ஏறியிருந்தது. இருவரும் பிழைத்தார்கள். அதற்கு நிர்வாகம் பொறுப்பல்ல.

ஒரு கோப்பை டீ ஆறுவதற்குள் நிர்மல் குற்றவாளியைப் பிடித்துவிட்டார். தரை துடைக்கும் ருக்மிணி.

“அவ கழுத்துக் குழாய்ப் பக்கமே போறதில்ல சார். நாங்கதான் தொடுவோம்,” என்றார் வைஜயந்தி.

“யாராவது ஒருத்தர் வேணுமே சிஸ்டர்,” என்றார் நிர்மல், மிகுந்த பரிவோடு. “உங்க பேரை எழுதட்டுமா? கோப்பை வேற குடுத்திருக்கோம்.”

வைஜயந்தி வார்டுக்குத் திரும்பிவிட்டார். அன்று மாலையே ருக்மிணி துடைப்பானைச் சுவரோரம் சாய்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். வேலை உண்டா இல்லையா என்பது விசாரணை முடிந்தபின் தெரியுமாம்.

விசாரணை என்பது எஸ்தர். திருநெல்வேலிக்கார டாக்டர், மருத்துவமனையில் தொற்று பரவாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளில் நர்சுகள் எல்லாரும் விரல் பதிக்க வேண்டும் என்றாள். வெடித்த கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட வரிசையில் வந்து பதித்தார்கள். வைஜயந்தி கடைசியாக, வார்டிலிருந்து நேராக வந்தார். கையுறையை உரித்தார்.

“ஏக்கா, என்ன கை இது? எப்போலேருந்து இப்படி வச்சிருக்கிய?”

“தட்டைக் குடு.”

“கழுவாமலா? எல்லாரும் கழுவிட்டுல்லா வந்தாவ.”

“அதனாலதான்.”

“உங்களை வீட்டுக்கு அனுப்பிருவாங்கக்கா. சம்பளம் கிடையாது.”

“இப்ப ருக்மிணியை அனுப்பியிருக்காங்க இல்ல?”

தட்டுகள் விளைந்தன. மற்றவர்களுடைய தட்டுகள் பளிங்கு. ஒன்றில் மட்டும் நோயாளிகளின் ரத்தத்தில் இருந்த அதே கிருமி. அதை எஸ்தரிடம் கேட்டு வாங்கி, வைஜயந்தியே எடுத்துப்போய் நிர்மலின் மேசையில் வைத்தார்.

“ருக்மிணியை நாளைக்கு வரச் சொல்லிட்டேன் சார்,” என்றார்.

மூடியின்மேல் அவர் பெயர். உள்ளே அவருடைய ஐந்து விரல்கள். ஒவ்வொரு விரலிலும் மஞ்சள் மஞ்சளாக, பேரன் பேத்திகளோடு கிருமிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன.