வாழைக்குருத்துப் பச்சை

என் எழுத்து வரியில் நிற்காது. பிழைகளும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இதுவரை பாட்டுகளைக்கூட வாயால் சொல்லி, மற்றவர்களைக் கொண்டுதான் எழுதுவித்தேன். இதை அப்படிச் செய்ய முடியாது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கடல் ஊருக்குள் வந்த வருடம் நிவாரண லொறியில் மூட்டை இறக்கப் போனேன். பெயர்ப் பட்டியலை வேகமாக வாசிக்க வராது. எந்தக் குடும்பம் எந்தக் கூடாரம் என்று முகங்களை வைத்தே நினைவில் கொள்வேன். அங்கே வேலை இல்லாத நேரங்களில் பாட்டுக் கட்டத் தொடங்கினேன். அதைக் கேட்ட நகரத்து இளைஞர் சிலர் தாங்கள் எடுத்த குறும்படங்களுக்கும் பாட்டுக் கேட்டார்கள். பாட்டோடு, படப்பிடிப்பில் வெளிச்சப் பலகை பிடிக்கும் வேலையும் வந்தது. எதுவும் நிலைக்காததால் பிறகு நகரத்தில், ஓர்ஸ் ஹில்லில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் கதவு திறக்கவும் வழக்குக் கோவைகள் தூக்கவும் சேர்ந்தேன். அங்கே தட்டச்சு செய்யும் அம்மா கேலி பண்ணுவார். "உம்மை என்ன ஆள் எண்டு நான் கடிதத்தில போடுறது? பாட்டுக்காரனோ, படக்காரனோ, பியோனோ?" நான் சிரித்துவிட்டுத் தேநீர் வைக்கப் போய்விடுவேன்.

இலங்கைத்துறை என்ற கடற்கரை ஊரிலிருந்து ஓர் அக்கா முதன்முதல் வந்தது ஒரு மழை நாளில். விடியற்காலையில் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த அவருடைய கணவரின் தோணியை ஒரு பெரிய படகு இடித்துவிட்டு நிற்காமல் போயிருந்தது. அக்கா கரையில் நின்று அதைக் கண்டவர். உடல் கிடைக்கவில்லை. படகு என்ன நிறம் என்று சட்டத்தரணி ஐயா கேட்டார்.

"பச்சை ஐயா. வாழைக்குருத்துப் பச்சை."

நான் தேநீர்த் தட்டோடு கதவடியில் நின்றேன். அவர் சத்தியம் செய்து கையெழுத்து வைத்த சத்தியக்கடதாசியில் பச்சை என்று மட்டும் ஏறியது. அந்தக் கரைப்பக்கம் பச்சை பூசிய பெரிய படகு ஒன்றே ஒன்றுதான் ஓடியது. அதன் முதலாளி, தன் படகு அன்று கடலுக்கே போகவில்லை என்றார். ஆகவே முழு வழக்கும் அந்த நிறத்தின் மேல்தான் நின்றது.

வழக்குத் தவணைகளுக்கு அக்கா வந்துபோகையில், நான் பாட்டுக் கட்டுவேன் என்பதைத் தட்டச்சு அம்மா அவரிடம் சொல்லிவிட்டார். உடல் வராத வீட்டில் எப்படி ஒப்பாரி வைப்பது என்று உறவுப் பெண்கள் தயங்கித் தயங்கி, கடைசிவரை யாரும் வாய் திறக்கவில்லையாம். "ஆரும் அவருக்கு அழேல்லை, தம்பி. நீங்கள் ஒரு பாட்டெண்டாலும் கட்டித் தாங்கோ" என்று கேட்டார்.

கட்டினேன். பச்சை என்ற சொல் துக்கத்துக்கு ஒத்துவரவில்லை. அதைச் சொன்னால் வயல்தான் நினைவுக்கு வந்தது. கறுத்த படகு என்று மாற்றினேன். மெட்டு அப்போதுதான் சரியாக உட்கார்ந்தது. அந்தக் குறும்பட இளைஞர்கள் அதைப் படமாக எடுக்க விரும்பினார்கள், அக்காவும் சம்மதித்தார். பாட்டில் கறுப்பு என்பதால் இரவல் வாங்கிய படகுக்குத் தார் பூச வேண்டி வந்தது. பூசியது நான்தான். கைமுட்டி வரை தார். அக்கா சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஆண்டுத் திவசத்திலும் படையல் வைத்து முடிந்ததும் கைபேசியில் அந்தப் படத்தைப் போடுவார்கள். அதைக் கேட்டுத்தான் அந்த வீட்டார் அழுதார்கள். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. வழக்கு இழுபட்டு இழுபட்டு நாலு திவசங்கள் போய்விட்டன.

சாட்சிக் கூண்டில் நின்ற அக்காவிடம் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி மரியாதையாகத்தான் கேட்டார், படகு என்ன நிறம் அம்மா என்று.

"கறுப்பு."

நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

"கறுப்புத்தான் ஐயா. என்ர கண்ணால கண்டனான்."

சத்தியக்கடதாசியை எடுத்து உரக்க வாசித்தார்கள். எங்கள் ஐயா பேனையை மூடினார். நான் கோவைகளை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் இருந்தேன். அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது என்று அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஐயாவின் காதில் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். நாலுபேர் முன்னால் எழும்ப எனக்குப் பயம். கோவை நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தேன். வழக்குத் தள்ளுபடியானது.

வெளியே படியில் வைத்து, "நான் பிழையாச் சொல்லிப்போட்டனோ தம்பி?" என்று அக்கா கேட்டார்.

இல்லை அக்கா என்றேன்.

அந்த ஒரு சொல்லோடு இரண்டு வருடம் இருந்தேன். பாட்டும் கட்டவில்லை. போன மாதம்தான் பஸ் ஏறி இலங்கைத்துறைக்குப் போனேன். முற்றத்தில் கதிரை எடுத்துப் போட்டார். வாழைக்குருத்திலிருந்து தார் வரை எல்லாவற்றையும் சொன்னேன். என்னை ஏசட்டும் என்றுதான் போனேன். அவர் ஏசவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏலாமல் கிடக்கு, தம்பி. பச்சையா நினைச்சுப் பாக்கிறன், கறுப்புத்தான் வருது."

நான் எழும்பியபோது வாசற்படலை வரை வந்தார். "நான் முதல் நாள் சொன்னதைக் கேட்டனீங்கள்தானே? எழுதி வையுங்கோ. பாட்டா வேண்டாம்."

ஐயாவிடமும் சொல்லிவிட்டேன். மேன்முறையீட்டுக்கான காலம் எப்போதோ கடந்துவிட்டது, இனி இது ஒன்றுக்கும் உதவாது என்றார். தட்டச்சு அம்மா இப்போது என்னைக் கேலி பண்ணுவதில்லை. இதை நான் அடித்துத் தரட்டோ என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அக்கா பச்சை என்றுதான் சொன்னார். வாழைக்குருத்துப் பச்சை. நான் கேட்டேன். மாற்றியது நான்.

ஐப்பசி மாதம் 14ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை.