பூஜையில் வைத்த ஸ்கேட்ஸ்

என் மாமா அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக ஐஸ் ஹாக்கி அணிக்கு கோல்கீப்பராக இருந்தார் என்றால் இன்றும் யாரும் நம்புவதில்லை. நம்பவே வேண்டாம். ஓர் ஆட்டம்கூட அவர் ஆடியதில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. அம்மாவின் தம்பியான மாமா, நியூஜெர்சியில் பிரிட்ஜ்வாட்டரில் எங்கள் வீட்டில் தங்கி எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தார். முந்தைய வருஷம்தான் ஆரம்பித்த அந்த அணி, அதுவரை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. கோல்கீப்பருக்குக் கை முறிந்ததும் அந்த இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. ஊரில் நான் பெரிய விக்கெட் கீப்பராக்கும் என்று மாமா கேன்டீனில் அளந்துவிட்டது வினையாகப் போயிற்று. இரண்டு வாரம் பயிற்சிக்குப் போனார். வந்ததும் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டு, "சூப்பர் கேம்க்கா" என்பார்.

அவருடைய முதல் ஆட்டம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். அன்றைக்கே ஆயுத பூஜை. முதல் நாள் சாயங்காலம் சாமான்களை அடுக்கியது நான்தான். அப்பாவின் கீபோர்டு, கார் சாவி, அம்மாவின் கத்திரிக்கோல், என்னுடைய கணக்குப் புத்தகம். சோபாவில் படுத்திருந்த மாமா, "என் பேக்கும் ஹால்லதான் இருக்கு, பாத்துக்கோ" என்றார். திறந்து, ஐஸில் சறுக்கப் போடும் பிளேடு வைத்த ஷூக்களான ஸ்கேட்ஸை எடுத்து, துடைத்து, பிளேடுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் பூஜை முடிந்து மாமா கிளம்பும்போது அம்மா மறித்துக்கொண்டாள்.

"பூஜைல வெச்சத இன்னிக்குத் தொடக் கூடாதுடா. நாளைக்கு எடுத்துக்கோ."

"அக்கா, மேட்ச்க்கா!"

"மேட்சாவது மண்ணாவது!"

வைத்தவள் நான் அல்லவா! என்னால் மாமாவின் டீமே தோற்கப்போகிறது என்று ஓவென்று அழுதேன். மாமா கேப்டனுக்கு போன் போட்டார். மதம் சம்பந்தப்பட்ட விஷயம் என்றதும் அந்தப் பையன் மிகுந்த மரியாதையோடு ஒத்துக்கொண்டான். வாடகை ஸ்கேட்ஸ் வாங்கித் தரட்டுமா என்று கேட்டிருப்பான் போல. இன்றைக்கு அந்தத் தொழிலையே தொடக் கூடாது என்று மாமா விளக்கினார். கார் சாவியும்தானே பூஜையில் இருந்தது, அப்பா மட்டும் எப்படி ஓட்டலாம் என்று நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். மாமா ஒரு கை சுண்டலை என் வாயில் திணித்தார். போனை வைத்ததும் "அப்பாடா" என்று உட்கார்ந்தார். பாவம், பேசிக் களைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

எல்லோரும் ஆட்டம் பார்க்கப் போனோம். கேப்டனே கோலில் நின்றான். நான் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். ஜெயித்துவிட்டார்கள்! அந்த அணியின் முதல் வெற்றி. நெஞ்சிலிருந்த பாரம் இறங்கி, நான் மாமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். "எல்லாம் சரஸ்வதி பாத்துண்டா" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு மாமாவை ஐஸில் இறங்க யாரும் கூப்பிடவில்லை. வருஷம் முழுக்க ஸ்கோர் எழுதினார்.

பின்னாளில் அந்த அணியின் வரலாற்றைச் சிறு புத்தகமாகப் போட்டபோது, எழுதிக் கொடுத்தவரும் மாமாதான். முதல் வெற்றியன்று கோல்கீப்பர் மதக் காரணங்களால் ஆட இயலவில்லை என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. வியர்வை நாற்றம் தாங்காமல், மாமாவின் ஸ்கேட்ஸ் பையை அம்மா ஒருநாளும் வாசற்படி ஏற விட்டதில்லை. அது எப்போதும் கார் டிக்கியில்தான் கிடக்கும். அன்றைக்கு மட்டும் அது ஹாலுக்கு எப்படி வந்தது என்று கேட்க எட்டு வயதில் எனக்குத் தோன்றவில்லை.