கை காட்டிக்கொண்டே வாசித்தவன்

பலகை மேடையில் நின்றால் பேஸ் கிட்டார் சத்தம் முதலில் காதுக்கு வராது. உள்ளங்காலுக்குத்தான் வரும். அதனால் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வாசிப்பேன். மண்டபத்து மல்லிகை வாசனை, சூடேறிய ஆம்ப்ளிஃபயர் வாசனை, காலுக்கடியில் அந்த நடுக்கம்... இதற்காகத்தான் வாரம் முழுக்க ஹெப்பகோடி ஃபேக்டரியில் ஷிஃப்ட் பார்த்தேன் என்றால் பொய்யில்லை.

எங்கள் ஆர்க்கெஸ்ட்ரா ஆஸ்டின் டவுனில். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, பிறந்தநாள், எது வந்தாலும் போவோம். நான் அப்போதுதான் சேர்ந்திருந்தேன்.

பேஸ்காரனை யாருக்குத் தெரியும்? பாடுகிறவரைத் தெரியும், டிரம்ஸ் அடிப்பவரைத் தெரியும். நாங்கள் நாலு தந்தியோடு ஓரமாக நிற்பவர்கள். ஆனால் எங்கள் கூட்டத்துக்குள் ஒரு பேச்சு உண்டு. நல்ல பேஸ்காரன் என்றால் கண்ணை மூடிக்கொண்டே இன்னார் வாசிக்கிறார் என்று சொல்லிவிடலாமாம். என்னையும் ஒருநாள் அப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்கு வெறி.

என் தங்கை செல்வி நீலசந்திராவில் எங்கள் தெருவிலேயே ஒரு தையல் கடையில் வேலை பார்த்தாள். பக்கத்து மண்டபத்தில் நாங்கள் வாசித்த ஒரு ரிசப்ஷனுக்குக் கடைப் பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பாட்டு நடுவில் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். எனக்கும் பெருமை தாங்கவில்லை... தந்தியிலிருந்து வலது கையை எடுத்து நானும் ஆட்டினேன். அதை அவள் ஃபோனில் பிடித்துவிட்டாள்.

மறுநாள் ‘எங்க அண்ணன்’ என்று அவள் ஸ்டேட்டஸில் அந்த வீடியோ. தெருவே பார்த்தது. டீக்கடையில் ஒருவர் என்னை நிறுத்தினார்.

"நீங்கதானே அந்த ஒத்தக்கை? இந்தக் கைய ஆட்டுறீங்க, சத்தம் நிக்கவே இல்லையே."

தரையில் கால் படாமல் வீட்டுக்கு வந்தேன். வந்து நிதானமாக வீடியோவைப் பார்த்தேன்.

என் கை காற்றில் ஆடுகிறது. பேஸ் அது பாட்டுக்கு ஓடுகிறது. துளி பிசகாமல்...

கையை எடுத்தால் என் சத்தம் எப்படி வரும்?

சவுண்ட் மிக்ஸர் பார்க்கும் அன்வர் பாயிடம் போய்க் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. என் கிட்டார் லைனைப் பெரிய ஸ்பீக்கருக்கு அவர் விடுவதே இல்லையாம். கீபோர்டு வாசிக்கும் டேவிட் அண்ணன் இடது கையால் பேஸையும் சேர்த்து வாசித்துவிடுவாராம். என் பக்கத்தில் வைத்திருக்கும் சின்ன ஆம்ப்ளிஃபயரில் என் சத்தம் எனக்கு மட்டும் கேட்கும். புதிதாக வருகிற ஆளுக்கு இதுதான் வழக்கம், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான் என்றார்.

"நீ ரொம்ப ஜல்தி பேட்டா. டிரம்ஸுக்கு முன்னாடியே போய் நிக்கிற. மேடைல கிட்டார் தெரிஞ்சாதான் புக் பண்ற பார்ட்டிக்குத் திருப்தி, அதுக்கு நிக்க வெச்சோம். கை சரியாகட்டும், நானே தொறந்து விடுறேன்."

கூசிப்போனேன். அத்தனை மண்டபத்திலும் கண்ணை மூடி, உதட்டைக் கடித்து, தலையை ஆட்டி ஆட்டி வாசித்திருக்கிறேன். என்னோடு மேடையில் நின்ற எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கொஞ்ச நாள் டேவிட் அண்ணனின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை.

அதைவிடக் கொடுமை செல்விதான். கடைக்கு ரவிக்கை தைக்க வருகிறவர்களிடமெல்லாம் வீடியோவைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஏரியாவில் என் பெயரே ஒத்தக்கை என்றாகிவிட்டது. அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் செருப்பால் அடித்த மாதிரி இருக்கும்... இளித்து வைப்பேன். அவளிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

அதன் பிறகு ஷிஃப்ட் முடிந்து வந்தால் ஃபோனில் டிக் டிக் என்று தாளத்தை ஓடவிட்டு அதோடு மல்லுக்கட்டுவதே வேலை. அவசரம் அடங்க மாதக்கணக்கானது. ஒருநாள் சவுண்ட் செக்கில் அன்வர் பாய் தூரத்திலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். டேவிட் அண்ணன் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். என் லைன் திறந்துவிட்டது.

அடுத்து வந்தது எங்கள் ஏரியா அம்மன் கோயில் திருவிழா. முன்வரிசையில் செல்வி. நல்ல பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது கூட்டத்தில் யாரோ குரல் கொடுத்தார்கள்.

"ஒத்தக்கை, கை காட்டு குரு."

செல்வியும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினாள். இன்னொரு கையில் ஃபோன் தயாராக இருந்தது. அத்தனை பேர் நடுவில் அவள் தூக்கிய கையை எப்படி அந்தரத்தில் விடுவது?

நானும் தூக்கினேன்.

அடிச்சத்தம் அப்படியே அறுந்துவிட்டது. பாட்டு தொளதொளவென்று தொங்கியது. கூட்டத்துக்குப் புரிந்ததோ என்னவோ, செல்விக்கு அந்தப் பழைய வீடியோ புரிந்துவிட்டது. சிரிப்பு போய், தூக்கிய கை மெல்ல இறங்கியது. ஃபோனும் இறங்கியது. நான் குனிந்து தந்தியைப் பிடித்தவன்தான், பாட்டு முடியும்வரை நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் தட்டை எடுத்து வைத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோறு போட்டாள். ரசம் ஊற்றும்போது மட்டும் சொன்னாள்.

"இனிமே யாருக்கும் கை காட்டாதண்ணா. எனக்கும்தான். நீ வாசி."

இப்போது அவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். அந்த வீடியோ அவள் ஃபோனில் இல்லை. எப்போது அழித்தாள் என்று நானும் கேட்டதில்லை.

அன்று ஆசைப்பட்டது இன்று நடக்கிறது. ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் என்னைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிறார்கள். டிரம்ஸ் விழுந்து ஒரு நூல் தள்ளித்தான் என் பேஸ் விழுமாம். "அது உன் ஸ்டைல், யாருக்கும் வராது" என்கிறார்கள். ஸ்டைலும் இல்லை, ஒன்றும் இல்லை... மறுபடி முந்திக்கொண்டு போய்விடுவேனோ என்ற பயம். அந்த வெட்கம் இன்னும் விரலை விட்டுப் போகவில்லை.

நீலசந்திராவில் மட்டும் இன்றும் நான் ஒத்தக்கைதான். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துத் தலையாட்டுகிறேன். கையைத் தூக்குவதில்லை.