வீடு மங்கிய படம்

புகைப்பட வகுப்பில் பின்னணியை மங்கலாக்கக் கற்றுக்கொண்ட வாரம் அது. பிஜியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. அங்கே பா என்ற நகரில், இந்தியர்கள் வாழ்ந்த எங்கள் தெருவே பயந்துபோய்க் குடும்பம் குடும்பமாக ஆஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுச் சரசு அத்தை, கிளம்புமுன் தன் வீட்டு வாசலில் நின்று ஒரு படம் எடுக்கச் சொன்னார். வித்தை காட்டும் ஆசையில் அவர் முகத்தை மட்டும் துல்லியமாக எடுத்தேன். பின்னால் வீடு பஞ்சாகக் கரைந்துவிட்டது.

பிரிண்ட்டைக் கொடுத்தபோது பெட்டிகள் வண்டியில் ஏறிவிட்டன.

“மூஞ்சியைக் கண்ணாடியிலே பார்த்துக்குவேன். ஊடு எங்கே பேட்டா?” தெருப் பிள்ளைகளை அத்தை இந்தியில் ‘பேட்டா’ என்றுதான் கூப்பிடுவார்.

 பிறகு அவரே என் தோளைத் தட்டினார். “போவட்டும், நான் அழகாத்தான் இருக்கேன்.”

மறுநாள் அதே இடத்தில் நின்று வீட்டை எடுத்தேன். தகரக் கூரை, ஜன்னல், செம்பருத்தி எல்லாம் துல்லியமாக விழுந்தன. வாசலில்தான் யாருமில்லை.

அந்தப் படத்தை அத்தைக்கு அனுப்ப இன்றுவரை எனக்கு மனம் வரவில்லை.